கம்ப்யூட்டர் குழுவில் நமக்கும் ஒரு இடம் உண்டு



"நாம சேமிப்புக் குழு வச்சிருக்கிற மாதிரி, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களும் ஒரு குழு வச்சிருக்காங்களாமே. காலேஜ் படிக்கிற என் பொண்ணு சொல்லுது. அது என்ன குழு? நம்மளையெல்லாம் அதுல சேர்த்துப்பாங்களா?" என்று போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் அக்கா கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடித்தோம். கேள்வி பெரிய கேள்வி, ஒரு வரியில் அடங்காது. அதனால் இந்த இதழில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறோம்.

முதலில் அந்த ஒரு வரிப் பதில்: சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது. படிப்பு எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். ஆனால் நாம் போய்க் கதவைத் தட்டினால்தான் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியும்.

அது என்ன குழு?

பல ஊர்களில் கல்லூரி மாணவர்கள், கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையோ மாதத்துக்கு ஒரு தடவையோ லீவு நாளில் கூடுகிறார்கள். அந்த வாரம் தான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை ஒருவர் செய்து காட்டுவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தெரியாததைச் சேர்ந்து தேடுவார்கள். அவ்வளவுதான். முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை.

நாம் வாரச் சேமிப்பைப் பொதுவில் வைத்து, தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுக்கிறோம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும், தாங்கள் எழுதிய மென்பொருளையும் பொதுவில் வைக்கிறார்கள். எடுத்துக்கொண்டவர் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. முடிந்தால் அதைக் கொஞ்சம் சீர்படுத்தித் திரும்பவும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது எழுதாத தீர்மானம்.

ஒரு விஷயத்தில் நம்ம குழுதான் உசத்தி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம்மில் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்றால் நான்காவது வாரம் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அங்கே ஒருவர் வராமல் போனால் யாரும் கவனிப்பதில்லை. வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் அவர்களுக்கு நம் அளவுக்குப் பழக்கமில்லை. நம்மிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது.

ஒரு பிரிண்டரில் ஆரம்பித்த கதை

இந்தக் குழுக்களில் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணத்தில் பிறந்தவை. அது என்னவென்று புரிந்தால்தான் மற்றது புரியும்.

மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கோ செல்போனுக்கோ நாம் கொடுக்கும் வேலை முறை. 'முதலில் இதைச் செய், பிறகு இதைக் கூட்டு, தப்பு வந்தால் இப்படிச் சொல்' என்று வரிவரியாக எழுதிவைத்தது. அந்த எழுத்துக்கு மூல நிரல் என்று பெயர். கடையில் வாங்கும் மசாலாப் பொடியை நினைத்துப் பாருங்கள். பொடி கைக்கு வருகிறது. மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எதை வறுத்தார்கள் என்று தெரியாது. காரம் அதிகம் என்றாலும் நம்மால் மாற்ற முடியாது. நம் குழுவே அரைக்கும் பொடி என்றால் பக்குவம் நம் கையில் இருக்கும். பிள்ளைக்காரிக்குக் காரம் குறைத்து அரைக்கலாம், பக்கத்து ஊர்க் குழுவுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே பல பேருக்குச் சேர்த்து ஒரு பிரிண்டர். அடிக்கடி பேப்பர் மாட்டிக்கொள்ளும். பழைய பிரிண்டரின் மூல நிரல் அவர்களிடம் இருந்ததால், பேப்பர் மாட்டினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவர் மாற்றி எழுதிவைத்திருந்தார். பிறகு புதிதாக ஒரு பிரிண்டர் வந்தது. அதற்கு மூல நிரலைத் தரவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்து நேரில் போய்க் கேட்டார். 'யாருக்கும் தர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்' என்று அவர் கைவிரித்துவிட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் கையில் தொழில் இருந்தும், மனசு இருந்தும், கூட வேலை செய்பவர்களுக்கு உதவ முடியாமல் போனது ஸ்டால்மனை ரொம்ப உறுத்தியது. 1983-ல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், தேவைக்கு மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருளைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

1991-ல் ஃபின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தான் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பதை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். உலகம் முழுவதும் ஆட்கள் அதில் கைவைத்துச் செப்பனிட்டார்கள். இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். ஆக, நாம் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. போனில் காசில்லாமல் இறங்கும் செயலி எல்லாம் கட்டற்றது ஆகிவிடாது. காசு வாங்காமல் நம் போன் நம்பரையும், நம் வீட்டுப் படங்களையும், போனில் இருக்கும் சொந்தக்காரர்களின் நம்பர்களையும் எடுத்துக்கொள்கிற செயலிகள் நிறைய உண்டு. ஆப் கடன் வாங்கி அவதிப்பட்ட உறுப்பினர்களுக்கு நாங்கள் இதை விளக்கவே வேண்டாம்.

கணக்கு பூட்டிக்கொண்ட கதை

இதெல்லாம் படித்தவர்களின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். எங்கள் வேலை எல்லைக்குள் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஒரு கூட்டமைப்பில் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பக்கத்து டவுனில் ஒருவர் மென்பொருள் போட்டுக்கொடுத்தார். வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம். கணக்காளர் பெண் மூன்று வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு குழுவின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். பிறகு ஒரு நாள் திறந்தால் 'உரிமக் காலம் முடிந்தது' என்று வந்தது. போட்டுக்கொடுத்தவரின் கடை பூட்டிக்கிடந்தது, போன் அணைந்துகிடந்தது. தணிக்கைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கணக்கு இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. நல்ல வேளையாக நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை அவர்கள் நிறுத்தவில்லை. நான்கு பெண்கள் ராப்பகலாக உட்கார்ந்து நோட்டிலிருந்து திரும்பவும் எழுதினார்கள். அதற்குள் 'பணத்தைக் கையாடிட்டுக் கம்ப்யூட்டர் மேல பழி போடுறாங்க' என்று ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சில் கணக்காளர் பெண் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பைசா குறையவில்லை என்று தணிக்கையில் தெரிந்த பிறகும் அவர் அந்தப் பொறுப்புக்குத் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் அந்தக் கூட்டமைப்புக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் குழு ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வாங்குவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லியிருப்பார்கள். 'நாங்க ஏத்துற கணக்கை எந்த நேரமும் வெளியே எடுத்து, வேற இடத்துல திறந்து பார்க்க முடியுமா? நீங்க இல்லைன்னா இதை வேற யாரு சரி பண்ணுவாங்க?' அதோடு, லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் கட்டம் போட்டு வரவு செலவு எழுதக் காட்டிக்கொடுத்திருப்பார்கள். 2010-லிருந்து வரும் மென்பொருள் அது. காசு இல்லை, உரிமக் காலம் முடியாது, தமிழிலும் இயங்கும்.

இப்போது குழுக் கணக்குகளை அரசின் லோக்ஓஎஸ் செயலியில் ஏற்றுகிறார்கள். அது வேறு ஏற்பாடு, அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் நம் கணக்கின் ஒரு பிரதி நம் கையில், நாம் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. நோட்டை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்தில் எங்கே இருக்கிறது?

சென்னையில் 1990-களின் கடைசியிலிருந்தே லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. பல வருஷம் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடினார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு குழு இருக்கிறது. இணையம் வழியாகத் தமிழிலேயே கூடிப் பேசுவது அவர்கள் வழக்கம். விழுப்புரத்துக் குழு, கிராமத்திலிருந்து வரும் மாணவ மாணவியருக்குக் கட்டணம் வாங்காமல் வகுப்பு எடுத்துவருகிறது. நம் பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பத் தோதானது என்பது எங்கள் எண்ணம். இன்ஜினியரிங் படித்தும் இங்கிலீஷ் பயத்தில் இன்டர்வியூவுக்கே போகாத பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை என்பது கல்லூரி மாணவர்களிடையே வேலை செய்யும் அமைப்பு.

இவை தவிர, பைத்தான் என்ற கணினி மொழி கற்பவர்களுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. அதில் பெண்களுக்கென்றே பைலேடீஸ் என்ற அமைப்பு 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது, சென்னைக்கும் வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் இன்னொரு கூட்டம். 2003-ல் தொடங்கி இதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

தமிழில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2012-லிருந்து கணியம் என்ற மின்னிதழ் வருகிறது. கணினி விஷயங்கள் முழுக்கத் தமிழில். அதில் து. நித்யா என்ற பெண் எளிய தமிழில் எழுதிய கணினிப் புத்தகங்கள் பல இலவச மின்னூலாகவே கிடைக்கின்றன. கல்லூரி போகும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை என்ற மென்பொருளும் இப்படித் தன்னார்வலர்கள் செய்து கொடுத்ததுதான். பெயரைப் பாருங்கள், கலப்பை! 2000-களின் தொடக்கத்தில் தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் உழுது விதைத்தவர்கள் இந்த மாதிரிக் குழுக்காரர்கள்.

இதில் நமக்கு ஒரு முன்னோடிக் கதை

பெண்கள் குழுவுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரியைக் காட்டலாம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் கிராமம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் அறிவு மையங்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் போன் இருப்பதே அபூர்வம் என்பதால், ஒயர்லெஸ் வழியாகச் செய்தி அனுப்பினார்கள். கரண்ட் போனால் சூரிய சக்தி.

மையம் வேண்டும் என்று கேட்ட ஊருக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். இடம் பொது இடமாக இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரும், பெண்களும் தடையில்லாமல் உள்ளே வர முடிய வேண்டும். இந்த நிபந்தனையைத்தான் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு என்று நாங்கள் நினைக்கிறோம். கம்ப்யூட்டரை எவர் வீட்டுத் திண்ணையில் வைக்கிறோம் என்பதிலேயே யார் அதைத் தொடுவார்கள் என்பது முடிவாகிவிடும். எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் நடந்தது, பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள்.

அந்த ஒலிபெருக்கிதான் 2004 டிசம்பர் 26-ல் நல்லவாட்டைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். செய்தி அறிவு மையத்துக்குப் போக, ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள ஊர். வீடும் படகும் போயின, உயிர்கள் தப்பின. அங்கே அன்றைக்கு வேலை செய்தது விலை உயர்ந்த கருவி அல்ல. ஒரு போன், ஒரு மைக், தினமும் அதைக் கையாண்டு பழகிய ஊர் ஆட்கள்.

நாம் என்ன கொண்டுபோக முடியும்?

வெறுங்கையோடு போய் 'சொல்லிக்கொடுங்க சார்' என்று நிற்க வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லை.

ஊர் வரைபடம் ஒன்று. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை அதில் சேர்க்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக்காட்டிய படம் இந்த வரைபடத்தின் மேல்தான் செய்யப்பட்டது. நம் ஊரை அதில் தேடிப் பாருங்கள். மெயின் ரோடு இருக்கும். காலனித் தெரு இருக்காது. ஏரிக்குப் போகும் வழி இருக்காது. அங்கன்வாடி, ரேஷன் கடை, கைப்பம்பு, சுடுகாட்டுப் பாதை, ஒன்றும் இருக்காது. சேர்க்கத் தெரிந்த பையன்களுக்கு ஊர் தெரியாது. ஊர் தெரிந்த நமக்குச் சேர்க்கத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் இரண்டு மத்தியானத்தில் ஒரு ஊர் முடிந்துவிடும்.

நாங்கள் ஒரு ஊரில் இப்படிக் கல்லூரிப் பிள்ளைகளோடு உறுப்பினர்களை நடக்கவைத்தோம். ஒரு குட்டைக்கு என்ன பெயர் என்று ஒரு மாணவர் கேட்க, மூன்று பெண்கள் மூன்று பெயர் சொன்னார்கள். ஒரு பாட்டியை அழைத்துக் கேட்டுத்தான் முடிவாயிற்று. அப்புறம் பாட்டி விடவில்லை, 'இங்க ஒரு கிணறு இருந்துச்சு, அங்க ஒரு கால்வாய் போச்சு' என்று கடைசிவரை கூடவே வந்துவிட்டார். ஆக்கிரமிப்பில் மறைந்துபோன அந்தக் கால்வாயைப் பற்றி உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையில் மனு கொடுத்தார்கள். வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு வைத்தபோது யாராலும் 'அப்படி ஒண்ணு இல்லவே இல்லை' என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. கால்வாய் இன்னும் திரும்பி வரவில்லை, மனு நடந்துகொண்டிருக்கிறது.

இதில் அதிக ஆசையும் காட்டக் கூடாது. இந்தப் படத்தில் சேர்த்ததாலேயே மறுநாள் 108 வண்டி நேராகக் காலனிக்கு வந்துவிடாது. வேறு வேறு வரைபடங்களை வேறு வேறு ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். அதே மாதிரி, மற்ற கம்பெனி வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடித்து இதில் சேர்க்கக் கூடாது, அது விதி. வீட்டுக்காரர் பெயர், தனியாக இருக்கும் பெண் வீடு இதெல்லாம் குறிக்கவே கூடாது. தெருவும் பொது இடங்களும் போதும்.

இன்னொன்று நம் குரல். போனிடம் தமிழில் பேசினால் அது எழுதிக்காட்டுகிறது அல்லவா? எழுதப் படிக்கச் சிரமப்படும் நம் உறுப்பினர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் நம் பேச்சு அதற்குப் பல நேரம் புரிவதில்லை. பல விதமான குரல்களைக் கேட்டுப் பழகினால்தான் அதற்குப் பிடிபடும். மோசில்லா அமைப்பு 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். மற்றவர் படித்தது சரியா என்றும் சொல்லலாம். வயல்வேலைக்காரப் பெண்ணின் குரல், பாட்டியின் குரல், தென்மாவட்டத்துக் குரல் எல்லாம் அதில் சேர வேண்டும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள்: கொடுத்த குரல் பொதுவில் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். விருப்பப்பட்டவர் மட்டும் செய்தால் போதும், குழுத் தீர்மானம் போட்டு எல்லோரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

விதை, நெல், மாட்டு வைத்தியம், கோலம், ஊர்ச் சொற்கள் பற்றி விக்கிப்பீடியாவிலும் விக்சனரியிலும் எழுதுவதற்கும் நம்மிடம் சரக்கு இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு இதழில் எழுத வேண்டும்.

அவர்களிடமிருந்து கேட்டு வாங்க வேண்டியது, பழைய மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கம்ப்யூட்டர்கள் எத்தனை வீட்டில் பீரோ மேல் தூங்குகின்றன! 'ரொம்ப ஸ்லோவாயிடுச்சு' என்பார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் அந்தக் கம்பெனி தன் வழக்கமான பாதுகாப்புச் சேவையை நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் அடுத்த விண்டோஸ் ஏறாது. அவற்றில் கனம் குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் எழுத, கணக்குப் பார்க்க, பிள்ளைகள் படிக்கத் தாராளமாக ஓடும். இதற்கென்றே கம்ப்யூட்டர் குழுக்கள் முகாம் மாதிரி நடத்துவதுண்டு. ஆளாளுக்குப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். போகும் முன் உள்ளே இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். போடும்போது உள்ளே இருப்பது அழிந்துபோக வாய்ப்பு உண்டு. பேட்டரி செத்துப்போயிருந்தால் அதை லினக்ஸ் உயிர்ப்பிக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

பெண்கள் போவதில் உள்ள சங்கடம்

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். இந்தக் குழுக்களில் பெண்கள் குறைவு. கிராமத்துப் பெண்கள் இன்னும் குறைவு. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்பார்கள், நமக்குக் கடைசிப் பஸ் ஏழு மணிக்கு. பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும். கழிப்பறை இருக்குமா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு போனால் எங்கே உட்காருவது? வீட்டில் வேறு, 'உனக்கு எதுக்கு அங்க போகணும், அங்க பூரா பசங்களா இருப்பானுங்க' என்பார்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், வாயைத் திறந்து கேட்க வேண்டும். வங்கி மேலாளர் முன்னால் உட்காரவே பயந்த நாம்தான் இன்றைக்கு 'ஏன் சார் இன்னும் கடன் போடலை' என்று கேட்கிறோம். 'தம்பி, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வைங்க. எங்க கூட்டமைப்புக் கட்டடத்துலயே வைங்க, மின்விசிறி இருக்கு, பாத்ரூம் இருக்கு, டீ நாங்க போடுறோம்' என்று சொல்லிப் பாருங்கள். இந்தக் குழுக்களுக்கு எப்போதும் உள்ள பெரிய கஷ்டம் கூடுவதற்கு ஒரு இடம். நம்மிடம் பல ஊரில் பூட்டிக்கிடப்பது கட்டடம். இடம் நம்முடையது என்றால் நாம் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்கும் தாய்மாரும் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம்.

புரியாத சொல் வந்தால் கையைத் தூக்கி நிறுத்துங்கள். நீங்கள் ஒருவர் கேட்டால், புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் நான்கு மாணவர்கள் உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்வார்கள். இது ஆம்பிளை வேலை என்று யாராவது சொன்னால் ஒரு தகவல் வைத்துக்கொள்ளுங்கள். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பிரமாண்டமான கம்ப்யூட்டரை இயக்குவதற்கான நிரலை அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்கள் பெயர் வெளியே வரப் பல வருஷம் ஆயிற்று என்பது வேறு கதை.

கொஞ்சம் ஜாக்கிரதையும் வேண்டும்

கம்ப்யூட்டர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு காசு பறிப்பவர்களும் உண்டு. நல்ல குழு எதுவும் ஆதார் நகல், பாஸ்புக், ஓடிபி கேட்காது. 'ஐயாயிரம் கட்டுங்க, சான்றிதழும் வேலையும் நிச்சயம்' என்றால் அது நாம் பேசும் குழு இல்லை. போனிலேயே கடன் தருகிறேன் என்று உள்ளே நுழைபவரையும் வெளியே அனுப்புங்கள். பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை எல்லாக் குழுவிலும் எழுதி ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் நம்பர் அதில் உள்ள எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாத நூறு பேருக்கு நம் பெண்களின் நம்பர் போவது நமக்கு வேண்டாத வேலை. கூட்டமைப்புக்கு என்று ஒரு சிம் இருந்தால் அதை மட்டும் சேர்த்து, வரும் செய்தியைக் கணக்காளர் கூட்டத்தில் படித்துக்காட்டட்டும்.

அந்தக் குழுக்காரர்கள் சும்மா இருப்பவர்கள் அல்ல என்பதும் நம் நினைவில் இருக்கட்டும். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போய்விட்டு ஏழாம் நாள் வருபவர்கள். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து 'என் போன் ஹேங் ஆகுது' என்றால் அடுத்த தடவை எடுக்க மாட்டார்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒரு பஞ்சாயத்துக்கு இரண்டு பேர் என்று தேர்ந்தெடுங்கள். ஒருவர் கணக்காளர், இன்னொருவர் நாற்பதைத் தாண்டிய உறுப்பினராக இருக்கட்டும். இளம் பெண்களை மட்டும் அனுப்பினால் கல்யாணமாகிப் போகும்போது கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது, இதைப் பல தடவை பார்த்துவிட்டோம். ஊரில் கல்லூரி போகும் பெண் பிள்ளைகளில் யாராவது ஏற்கெனவே இப்படி ஒரு குழுவுக்குப் போகிறார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருப்பார்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் பக்கத்தில் உள்ள கல்லூரியின் கணினித் துறைக்கோ பாலிடெக்னிக்குக்கோ கூட்டமைப்பு லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள் என்று கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் கல்லூரிகளில் பொதுமக்களுக்கு வாசல் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடிதத்தில் 'எங்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தரவும்' என்று பொதுவாக எழுத வேண்டாம், பதில் வராது. ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: எங்கள் கணக்கைக் கட்டம் போட்டு எழுதப் பழக்க ஒரு நாள் வர முடியுமா, அல்லது எங்களிடம் இத்தனை பழைய மடிக்கணினி இருக்கிறது, அல்லது எங்கள் ஊரை வரைபடத்தில் சேர்க்க வேண்டும். தேதி இரண்டு, இடம், பஸ் நேரம், பேச வேண்டிய கூட்டமைப்பு எண் இவற்றை எழுதிவிடுங்கள்.

கடிதம் எழுதக் கை கூசினால் உங்கள் பகுதிக் கள ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட உட்காருகிறோம். பீரோ மேல் இருக்கும் மடிக்கணினிகளை மட்டும் இந்த வாரமே எண்ணி, எது எரிகிறது, எது எரியவில்லை, எதற்குச் சார்ஜர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.